இருவீச்சும் நால்வீச்சும்: ஓர் இயந்திரப் போட்டியின் வரலாறு

பதறாத காரியம் சிதறாது என்பது தமிழர் வழக்கு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பதும் தமிழர் வழக்கே. முன்னது நிதானத்தைப் போற்றுகிறது. பின்னது சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும், இடமறிந்து பயன்படுத்துமிடத்து இரண்டும் உண்மையே. இவ்விரு வழக்குகளுக்கும் இயந்திர உலகில் உருவம் கொடுத்தால், முதலாவது நால்வீச்சு இயந்திரமாகவும் இரண்டாவது இருவீச்சு இயந்திரமாகவும் அமையும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடுத்தர வயதைக் கடந்த எவரும் இவ்விரு இயந்திரங்களையும் காதாலேயே பிரித்தறிவர். ஒன்று சீராகத் துடித்துக்கொண்டு செல்லும். மற்றொன்று கீச்சுக் குரலில் வீறிட்டுக்கொண்டு, தான் சென்ற வழியெல்லாம் நீலப் புகையை விட்டுச் செல்லும். புகைவிட்ட அந்த வண்டிகள் இன்று பெரும்பாலும் சாலையிலிருந்து மறைந்துவிட்டன. திறன் குறைந்ததால் அவை மறைந்தன என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பந்தயக் களத்தில் வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இருவீச்சு இயந்திரத்தின் வீழ்ச்சியும் தொடங்கிவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

நான்கு வேலைகள்

உருளையொன்றின் உள்ளே மேலும் கீழும் சென்றுவரும் பிஸ்டன்தான் பெட்ரோல் இயந்திரத்தின் உயிர்நிலை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்குத் தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் ஒரு முறைப் பயணமே ஒரு வீச்சு எனப்படும். கிராங்குத் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் இரண்டு வீச்சுகளை முடித்திருக்கும்.

எந்தப் பெட்ரோல் இயந்திரமாயினும் அது செய்ய வேண்டிய வேலைகள் நான்கு. பெட்ரோலும் காற்றும் கலந்த எரிகலவையை உள்ளே இழுத்தல் முதல் வேலை. அதனை அழுத்திச் சுருக்குதல் இரண்டாம் வேலை. தீப்பொறியால் கொளுத்தி, விரியும் வாயுவின் விசையால் பிஸ்டனைத் தள்ளுதல் மூன்றாம் வேலை. எரிந்த புகையை வெளியே போக்குதல் நான்காம் வேலை. இவற்றுள் மூன்றாவது மட்டுமே ஆற்றலைத் தருவது. ஏனைய மூன்றும் அதற்கான ஏற்பாடுகளே.

நால்வீச்சு இயந்திரம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீச்சை முழுமையாக ஒதுக்குகிறது. ஆகவே கிராங்குத் தண்டு இரண்டு முறை சுற்றினால்தான் ஒருமுறை ஆற்றல் பிறக்கும். இருவீச்சு இயந்திரமோ நான்கு வேலைகளையும் இரண்டே வீச்சுகளுக்குள் அடக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது ஆற்றலைத் தருகிறது. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைக்கின்றன.

ஓட்டோவின் நிதானம்

1860-ஆம் ஆண்டில் எட்டியன் லெனுவார் என்பவர் பாரிஸ் நகரில் நிலக்கரி வாயுவால் இயங்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் உள்ளெரி இயந்திரமாக அதனைக் குறிப்பிடுவர். ஆனால், அது எரிகலவையை அழுத்தாமலேயே கொளுத்தியது. அதனால் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடப் பயனாக மாறவில்லை; எஞ்சியதெல்லாம் வெப்பமாக வீணாயிற்று.

கொளுத்துவதற்கு முன் கலவையை அழுத்த வேண்டும் என்பதையும், அதற்கு நான்கு வீச்சுகள் தேவை என்பதையும் 1862-ஆம் ஆண்டில் அல்போன்ஸ் பொ தெ ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தெளிவாக எழுதி வைத்தார். எனினும், எழுதியதை அவர் இயந்திரமாகச் செய்து காட்டவில்லை. தாளில் இருந்த கருத்துக்கு இரும்பில் உயிர் கொடுத்தவர் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஆகஸ்ட் ஓட்டோ ஆவார்.

ஓட்டோ பொறியியல் பயின்றவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்ற வணிக முகவர். லெனுவாரின் இயந்திரத்தைப் பற்றிக் கேள்வியுற்ற அவர், தாமும் ஒன்றைச் செய்ய முனைந்தார். 1860-களின் தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட நால்வீச்சு முயற்சி தோல்வியில் முடிந்தது. 1864-ஆம் ஆண்டில் ஆய்கன் லாங்கன் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு கொலோன் நகரில் இயந்திரத் தொழிலகம் ஒன்றை அவர் நிறுவினார். வேறு வகை இயந்திரமொன்றைச் செய்து, 1867-ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் பெற்றார். ஆயினும், கைவிட்ட பழைய கனவை அவர் மறந்துவிடவில்லை. 1876-ஆம் ஆண்டில் ஓட்டோவின் நால்வீச்சு இயந்திரம் வெற்றிகரமாக இயங்கியது. பதினைந்து ஆண்டுகளாகிய காத்திருப்புக்குக் கிடைத்த பயன் அது. நால்வீச்சுச் சுழற்சிக்கு ஓட்டோ சுழற்சி என்றே இன்றளவும் பெயர் வழங்கி வருகிறது.

காப்புரிமை என்னும் மதில்

ஓட்டோ தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுக்கொண்டார். பிறர் நால்வீச்சு இயந்திரம் செய்ய வேண்டுமானால் அவரது நிறுவனத்தின் இசைவைப் பெற்றாக வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. இருவீச்சு இயந்திரத்தின் பிறப்புக்கு இந்த மதிலும் ஒரு காரணமாயிற்று. மதிலைத் தாண்ட இயலாதவர்கள் அதனைச் சுற்றிச் செல்ல வழி தேடினர்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டுகல்ட் கிளார்க் 1878-ஆம் ஆண்டில் தம் முதல் இருவீச்சு இயந்திரத்தைச் செய்து, 1881-ஆம் ஆண்டில் மேம்பட்ட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஆற்றல் தரும் உருளைக்குப் பக்கத்தில் இரண்டாவது உருளை ஒன்றை வைத்து, அதன் மூலம் புதிய கலவையை உள்ளே செலுத்தினார். உள்ளே வரும் கலவையே எரிந்த புகையைத் துரத்திவிடும். இவ்வாறு இழுத்தலுக்கும் போக்குதலுக்கும் தனித்தனி வீச்சுகள் தேவையற்றுப் போயின.

அதே காலத்தில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கடனில் மூழ்கிக் கிடந்த இளம் பொறியாளர் ஒருவரும் இருவீச்சு இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அவர்தாம் கார்ல் பென்ஸ். 1879-ஆம் ஆண்டின் இறுதி நாள் இரவு, உணவுக்குப் பின் அவருடைய மனைவி பெர்தா, பட்டறைக்குச் சென்று மறுபடியும் முயன்று பார்க்கலாம் என்று தூண்டியதாகப் பென்ஸ் பிற்காலத்தில் தம் வாழ்க்கை நினைவுகளில் குறித்துள்ளார். அன்றிரவு இயந்திரம் நிற்காமல் ஓடியது. ஊரெங்கும் புத்தாண்டு மணி ஒலிக்க, அவ்விருவரும் தம் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு மகிழ்ந்து நின்றனர். பின்னாளில் மோட்டார் காரின் தந்தை எனப் போற்றப்பட்டவர் இருவீச்சு இயந்திரத்தின் மூலமே தொழிலில் காலூன்றினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஆனால், தம் புகழ்பெற்ற மூன்று சக்கர வண்டியில் பென்ஸ் பொருத்தியது நால்வீச்சு இயந்திரத்தையே. அவ்வண்டிக்கு அவர் காப்புரிமை கோரியது 1886-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில். அதே ஆண்டில் ஓட்டோவின் காப்புரிமை ஜெர்மனியில் செல்லாததாயிற்று. பொ தெ ரோஷா 1862-ஆம் ஆண்டிலேயே அக்கருத்தை எழுதியிருந்தார் என்பதைப் போட்டி நிறுவனங்கள் சான்றாகக் காட்டியதே அதற்குக் காரணம். மதில் இடிந்ததும் நால்வீச்சு இயந்திரம் யாவருக்கும் பொதுவாயிற்று. ஓட்டோ 1891-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் இழந்தது உரிமையை மட்டுமே, பெயர் நிலைத்துவிட்டது.

எளிமையின் விலை

கிளார்க்கின் இயந்திரத்தில் இரண்டு உருளைகள் இருந்தமையால் அது எளிமையானது என்று கூற இயலாது. உண்மையான எளிமையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பாத் நகரில் தொழில் நடத்திய ஜோசஃப் டே ஆவார். பிஸ்டனுக்குக் கீழே கிராங்குத் தண்டு சுழலும் அறை வீணாகத்தானே கிடக்கிறது, அதையே கலவையை உட்செலுத்தும் பம்பாகப் பயன்படுத்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1891-ஆம் ஆண்டளவில் அவரது இயந்திரம் உருப்பெற்றது. அவரிடம் பணிபுரிந்த ஃபிரெடரிக் காக் என்பவர் மேலும் ஒரு வாயிலைச் சேர்த்து, 1892-ஆம் ஆண்டில் வால்வே இல்லாத இயந்திரமாக அதனைச் செம்மைப்படுத்தினார்.

அதன் செயல்முறை வியப்பூட்டுவது. பிஸ்டன் மேலேறும்போது அதற்கு மேலே உள்ள கலவை அழுத்தம் பெறுகிறது. அதே நேரத்தில் கீழே உள்ள கிராங்கு அறை புதிய கலவையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உச்சியில் தீப்பொறி எழ, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அவ்வாறு இறங்கும்போதே அது கிராங்கு அறையில் உள்ள கலவையை அழுத்துகிறது. அடிப்பகுதியை நெருங்கும்போது, உருளையின் சுவரில் உள்ள புகைவாயில் முதலில் திறக்கிறது. சற்றுப் பின்னர் கலவை வரும் வாயில் திறக்கிறது. புதியது உள்ளே வர, பழையது வெளியேறுகிறது. வாயில்களைத் திறந்து மூடும் காவலாளி பிஸ்டனே. நால்வீச்சு இயந்திரத்திற்கு வேண்டிய வால்வு, வால்வை அசைக்கும் தண்டு, சுருள்வில் ஆகிய எதுவும் இதற்கு வேண்டா. உண்மையில் ஒரு கல்லில் இரண்டு மாங்காய்தான்.

எனினும், இந்தச் சாமர்த்தியத்திற்கு இரண்டு விலைகள் கொடுக்க வேண்டியிருந்தது. புகைவாயிலும் கலவைவாயிலும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. அவ்வேளையில் உள்ளே வந்த புதுக்கலவையின் ஒரு பகுதி, எரியாமலேயே புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடுகிறது. கார்புரேட்டர் பொருத்தப்பட்ட இருவீச்சு இயந்திரங்களில் சில நிலைகளில் எரிபொருளின் மூன்றில் ஒரு பங்குவரை இவ்வாறு வீணாவதுண்டு. இது முதல் விலை.

நால்வீச்சு இயந்திரத்தில் கிராங்கு அறையின் அடியில் மசகு எண்ணெய் தேங்கி நின்று உறுப்புகளைக் காக்கிறது. இருவீச்சு இயந்திரத்திலோ கிராங்கு அறை கலவை செல்லும் பாதையாகிவிட்டது. அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. ஆகவே எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டியதாயிற்று. அந்த எண்ணெயும் பெட்ரோலோடு உருளைக்குச் சென்று, பாதி எரிந்தும் எரியாமலும் வெளியேறுகிறது. சாலையில் கண்ட நீலப் புகை அதுவே. இது இரண்டாம் விலை.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றல் பிறப்பதால் இருவீச்சு இயந்திரம் இருமடங்கு ஆற்றலைத் தர வேண்டும் என்று கணக்குச் சொல்லும். நடைமுறையில் அவ்வாறு கிடைப்பதில்லை. பழைய புகை முழுவதும் வெளியேறாமல் எஞ்சுவதும், புதிய கலவை தப்பி ஓடுவதும், வாயு முழுமையாக விரிவதற்குள் புகைவாயில் திறந்துகொள்வதும் அக்கணக்கைக் குறைத்துவிடுகின்றன.

எளியோரின் வாகனம்

இத்தனை குறைகள் இருந்தும் இருவீச்சு இயந்திரம் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அதன் விலை. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, பழுதானால் தெருமுனைப் பட்டறையிலேயே பிரித்துச் சரிசெய்துவிடலாம். கார் வாங்க வசதியில்லாத மக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ச்சோப்பாவ் என்ற சிற்றூரில் ராஸ்முஸன் என்னும் டென்மார்க் நாட்டவர் ஒரு தொழிற்சாலையை நடத்தினார். அங்கு முதல் உலகப்போருக்குப் பின் சிறுவர் விளையாட்டுக்கென இருவீச்சுப் பொம்மை இயந்திரம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே டி.கே.டபிள்யூ நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் தொழில். 1920-களின் இறுதியில் அந்நிறுவனம் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளர்களுள் ஒன்றாக உயர்ந்தது. ஆடல்ஃப் ஷ்னூர்லே என்ற பொறியாளர் 1920-களின் நடுப்பகுதியில் கண்டறிந்த முறையை அந்நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. கலவைவாயில்களைச் சாய்வாக அமைத்து, உள்ளே வரும் கலவை எதிர்ச்சுவரில் மோதி மேலெழுந்து வளைந்து திரும்புமாறு செய்வதே அம்முறை. இதனால் புதுக்கலவை நேராகப் புகைவாயிலை நோக்கி ஓடுவது குறைந்தது.

அந்நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆர்.டி. 125 என்ற சிறு வண்டி வரலாற்றில் தனியிடம் பெற்றது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றபின் அவ்வண்டியின் அமைப்பை வெற்றிபெற்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. பேண்டம், அமெரிக்க ஹார்லி நிறுவனத்தின் சிறுவண்டி, சோவியத் நாட்டின் மாஸ்கோ வண்டி ஆகியன அதன் வழித்தோன்றல்களே. இசைக்கருவி செய்துவந்த யமஹா நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளும் அதனைப் பின்பற்றியதே. இத்தாலியில் 1946-ஆம் ஆண்டில் பிறந்த வெஸ்பாவும் இருவீச்சு வண்டிதான். போரால் நொடித்த உலகம் மீண்டும் நடமாடத் தொடங்கியதில் இருவீச்சு இயந்திரத்தின் பங்கு பெரிது எனல் மிகையாகாது.

ஹோண்டாவின் மாற்றுவழி

ஜப்பானிய சோய்ச்சிரோ ஹோண்டாவும் இருவீச்சில்தான் தொடங்கினார். 1946-ஆம் ஆண்டில், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் வழங்கப் பயன்பட்ட சிறு இயந்திரங்களை வாங்கி, அவற்றை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1949-ஆம் ஆண்டில் அவரது நிறுவனம் வெளியிட்ட ட்ரீம் வண்டியும் இருவீச்சு வண்டியே. ஆனால், அதன் கிறீச்சொலியும் புகையும் அவருக்கு உவப்பாக இல்லை. 1951-ஆம் ஆண்டில் நால்வீச்சு ட்ரீம் வண்டி வெளிவந்தது.

சிறிய வண்டிக்கு இருவீச்சே ஏற்றது, நால்வீச்சு விலை கூடும் என்பது அக்காலத்தின் பொதுக் கருத்து. ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப் அக்கருத்தைப் பொய்யாக்கியது. ஐம்பது கன சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அதன் சின்னஞ்சிறு நால்வீச்சு இயந்திரம் குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடியது, எண்ணெய் கலக்கும் தொல்லை இல்லை, புகை இல்லை. 2017-ஆம் ஆண்டில் அவ்வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. மலேசியாவில் சிறு மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் 'கப்சாய்' என்ற சொல்லே அந்தக் 'கப்' என்ற பெயரிலிருந்து பிறந்தது என்றால், அதன் செல்வாக்கை வேறு விளக்க வேண்டுவதில்லை.

பந்தயக் களத்தில்

சாலையில் நால்வீச்சு வேரூன்றிய அதே காலத்தில், பந்தயக் களத்தில் இருவீச்சு பேராற்றல் பெற்று எழுந்தது. போருக்குப் பின் ச்சோப்பாவ் நகரம் கிழக்கு ஜெர்மனிக்குள் அடங்கியது. பழைய டி.கே.டபிள்யூ தொழிற்சாலை எம்.இசட். என்ற பெயரில் அரசுடைமையாயிற்று. அங்கு பணியாற்றிய வால்ட்டர் காடன் என்ற பொறியாளர், வறிய வசதிகளைக் கொண்டு அரிய காரியம் ஒன்றைச் சாதித்தார்.

புகைக்குழாயை வெறும் குழாயாக விடாமல், நடுவில் பருத்தும் முடிவில் குறுகியும் இருக்குமாறு அவர் செம்மையாக வடிவமைத்தார். புகைவாயில் திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாயின் விரியும் பகுதியில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, உருளையில் எஞ்சிய புகையை வெளியே இழுக்கிறது. குறுகும் பகுதியில் பட்டுத் திரும்பும் அலையோ, தப்பி ஓடிய புதுக்கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளிவிடுகிறது. வெறும் குழாயே வால்வின் வேலையைச் செய்தது. 1961-ஆம் ஆண்டளவில் அவரது 125 கன சென்டிமீட்டர் இயந்திரம் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற எல்லையை எட்டியது.

அவ்வியந்திரத்தை ஓட்டிய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961-ஆம் ஆண்டில் உலகப் பட்டம் அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஆனால், பெர்லின் சுவர் எழுந்த அடுத்த மாதமே, சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது அவர் தம் அணியைவிட்டு மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்றார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் ஒளித்து எல்லை கடத்தப்பட்டனர். அவர் கற்றிருந்த இருவீச்சு நுட்பம் ஜப்பானின் சுசுகி நிறுவனத்தைச் சென்றடைந்தது. 1962-ஆம் ஆண்டில் சுசுகி வண்டியில் டெக்னர் 50 கன சென்டிமீட்டர் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். காடனின் உழைப்புக்குரிய கனி வேறொருவர் மரத்தில் பழுத்தது.

அதன்பின் இருவீச்சின் ஆட்சி வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டில் தலைமைப் பிரிவான 500 கன சென்டிமீட்டர் பட்டத்தையும் அது கைப்பற்றியது. நால்வீச்சில் உறுதி கொண்டிருந்த ஹோண்டா நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் நீள்வட்டப் பிஸ்டன் கொண்ட புதுமையான நால்வீச்சு வண்டியைக் களமிறக்கிப் பார்த்தது. உலகப் பந்தயம் ஒன்றில்கூட அது வெல்லவில்லை. இறுதியில் ஹோண்டா தன் பிடிவாதத்தைக் கைவிட்டு இருவீச்சு வண்டியைச் செய்து, 1983-ஆம் ஆண்டில் பட்டத்தை வென்றது. நூறாண்டுப் போட்டியில் இருவீச்சே வென்றுவிட்டது என்று அந்நாளில் எவரும் எண்ணியிருப்பர்.

புகை சொன்ன தீர்ப்பு

பந்தயக் களத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எது விரைவாக ஓடும்? நகரத்தில் வாழும் மக்கள் கேட்கத் தொடங்கிய கேள்வி வேறு: எதன் புகையை நாங்கள் சுவாசிக்கிறோம்?

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட டிராபண்ட் கார் இருவீச்சு இயந்திரம் கொண்டது. 1989-ஆம் ஆண்டில் பெர்லின் சுவர் திறந்தபோது, அக்கார்கள் புகை கக்கிக்கொண்டு மேற்கே வந்த காட்சியை உலகமே கண்டது. அதன் கடைசி வார்ப்பில் நால்வீச்சு இயந்திரம் பொருத்தப்பட்டும் அது பிழைக்கவில்லை.

ஆசிய நகரங்களில் இச்சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. வாடகைக்கு ஓடும் மூன்று சக்கர வண்டிகள் நாள் முழுவதும் நெரிசலில் உழன்றன. பெட்ரோலில் அளவுக்கு மீறி எண்ணெய் கலக்கப்படுவதும் உண்டு. எரியாத பெட்ரோலும் எரிந்தும் எரியாத எண்ணெயும் சாலையோர மக்களின் நுரையீரலை நிரப்பின. 1998-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் டில்லியின் பழைய ஆட்டோக்களையும் வாடகைக் கார்களையும் அகற்றி, தூய எரிபொருளில் ஓடுவனவற்றைக் கொண்டுவர ஆணையிட்டது. வங்காள தேசத்தின் டாக்கா நகரம் 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவீச்சு மூன்று சக்கர வண்டிகளுக்குத் தடை விதித்தது. தைவானின் புகைக் கட்டுப்பாடுகள் 2004-ஆம் ஆண்டில் புதிய இருவீச்சு வண்டிகளின் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. பந்தயக் களமும் காலத்தின் போக்குக்கு இணங்கியது. 2002-ஆம் ஆண்டில் 990 கன சென்டிமீட்டர் வரையிலான நால்வீச்சு வண்டிகளுக்கு இடமளிக்கப்பட, தலைமைப் பிரிவிலிருந்து இருவீச்சு விரைவில் மறைந்தது.

இத்தீர்ப்பில் ஒரு துயரமும் கலந்துள்ளது. மலிவான இயந்திரத்தால் மிகுந்த பயனடைந்தவர்கள் எளிய மக்களே. அதன் புகையை மிகுதியாகச் சுவாசித்தவர்களும் அவர்களே. பழைய வண்டியை விட்டுப் புதியதை வாங்கக் கடன்பட்டவர்களும் அவர்களே. எளிமையின் விலையைத் தொடக்கத்தில் எவரும் கணக்கில் எழுதவில்லை. பின்னர் எழுதியபோது அது ஓட்டுநர்களின் பெயரில் எழுதப்பட்டது.

கடலில் வாழும் இருவீச்சு

ஆயினும், இருவீச்சு இயந்திரம் அழிந்துபோயிற்று என்று முடிவு கட்டுவது தவறு. புல்வெட்டும் கருவியிலும் மரமறுக்கும் சங்கிலி வாளிலும் அது தொடர்ந்து பயன்படுகிறது. எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்திருப்பதால், கருவியை எப்பக்கம் சாய்த்தாலும் அது தடையின்றி இயங்கும்.

அதைவிட வியப்புக்குரிய சான்று கடலில் உள்ளது. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பயணிக்கும் மாபெரும் சரக்குக் கப்பல்கள் மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரையும் கிள்ளான் துறைமுகத்தையும் கடந்து செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை உந்திச் செல்வது இருவீச்சு டீசல் இயந்திரமே. 2006-ஆம் ஆண்டில் கடலிறங்கிய எம்மா மேர்ஸ்க் கப்பலின் இயந்திரம் பதினான்கு உருளைகள் கொண்டது. ஒவ்வோர் உருளையின் குறுக்களவு 96 சென்டிமீட்டர். பிஸ்டனின் ஒரு வீச்சு இரண்டரை மீட்டர். நிமிடத்திற்கு ஏறத்தாழ 102 சுற்றுகளே சுழலும் அது ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தருகிறது. எரிபொருளின் ஆற்றலில் பாதியளவை அது பயனாக மாற்றுகிறது. லெனுவாரின் இயந்திரம் நூற்றில் ஐந்துகூடத் தரவில்லை என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

சாலையில் வீண்செலவு செய்த அதே முறை கடலில் சிக்கனத்தின் சிகரமாவது எப்படி? விடை எளிது. டீசல் இயந்திரத்தில் உள்ளே வந்து புகையைத் துரத்துவது வெறும் காற்று மட்டுமே. அதில் ஒரு பகுதி தப்பி ஓடினாலும் இழப்பில்லை. வாயில்கள் மூடிய பின்னரே எண்ணெய் உள்ளே பீய்ச்சப்படுகிறது. காற்றை உட்செலுத்தத் தனி விசையாழி உள்ளமையால் கிராங்கு அறை பம்பாக வேண்டியதில்லை. அங்கே மசகு எண்ணெய் தன்னிடத்தில் நிற்கலாம். டே கொடுத்த இரண்டு விலைகளில் எதையும் இது கொடுக்கவில்லை. மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றல் பிறக்கும் நன்மை மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், குற்றம் இருவீச்சு முறையில் இல்லை. எரிபொருளைக் கொண்டே புகையைத் துரத்திய ஏற்பாட்டில்தான் இருந்தது.

கப்பலுக்கும் கேள்வி வராமல் இல்லை. கப்பல் எரிபொருளில் உள்ள கந்தகத்தின் அளவு 2020-ஆம் ஆண்டு முதல் உலகளவில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கிலிருந்து அரைப் பங்காகக் குறைக்கப்பட்டது. மின்சார வண்டிகள் பெருகத் தொடங்கிய காலத்தில் நால்வீச்சு இயந்திரமும் அதே கேள்வியை எதிர்நோக்கி நிற்கிறது.

வகுப்பறையில் மாணவன் ஒருவன், இருவீச்சு நல்லதா, நால்வீச்சு நல்லதா என்று வினவினால், எந்த வேலைக்கு, எவருடைய செலவில் என்று திருப்பிக் கேட்பதே ஆசிரியர் அளிக்கத்தக்க சரியான விடையாகும். ஓட்டோவின் பொறுமையும் டேயின் சாமர்த்தியமும் காடனின் கூர்மதியும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல. அவர்களுடைய இயந்திரங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிவு செய்தது, அந்தந்தக் காலத்து மக்கள் எதைக் கணக்கில் சேர்த்தார்கள், எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதே. வரப்போகும் இயந்திரங்களை இன்றைய மாணவர்களே செய்யப்போகிறார்கள். ஆற்றலை அளக்கக் கற்கும்போதே, புகைக்குழாயின் மறுமுனையில் நிற்பவரையும் எண்ணிப் பார்க்க அவர்கள் கற்பார்களாயின், இவ்வரலாற்றைப் படித்ததன் பயன் முழுமையாகக் கிட்டும்.